மொத்தம் சரி, நாள் தவறு: கட்டுமானப் பொருள்களின் தேவையும் வரவும்

“சாமான் வரல, இன்னைக்கு வேலை இல்லை.” நம் மாணவர்களில் பலருக்கு இந்தச் சொல் புதிதன்று. கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் வேலை செய்பவர் எனக் கட்டுமானத் தொழிலில் இருக்கும் பெற்றோர் காலையில் கிளம்பிப் போய் ஒன்பது மணிக்கே திரும்பி வந்தால் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். அன்றைய கூலி இல்லை. சிமென்ட் விலை கொடுத்து வாங்கப்பட்டிருக்கும். மொத்தக் கணக்கும் சரியாக இருக்கும். தேவைப்பட்ட நாளில் வந்து சேராததால் ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானம் நின்றுபோகும்.

எந்தப் பொருள், எவ்வளவு, எந்த நாளில் தேவை? அது எந்த நாளில் வந்து சேரும்? இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதைத்தான் இக்கட்டுரை பாடமாக்குகிறது. 11ஆம் வகுப்பு வணிகக் கணிதத்தில் வலையமைப்புப் பகுப்பாய்வு கற்பிக்கும்போது இதைச் செயல்பாடாகச் சேர்த்துக்கொள்ளலாம். கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் விரிதாள் பயிற்சியாகவும், தொழிற்கல்விப் பிரிவில் கட்டுமானப் பாடத்தோடு இணைத்தும் நடத்தலாம்.

பாடக் குறிப்பு

வகுப்பு: 11, 12
பாடவேளைகள்: நான்கு
தேவையானவை: கட்டம் போட்ட தாள், இரு நிறப் பேனா, விரிதாள் மென்பொருள் உள்ள கணினி, வாய்ப்பிருந்தால் திட்ட அட்டவணை மென்பொருள்

கற்றல் விளைவுகள்: இப்பாடத்தின் முடிவில் மாணவர்
1. ஒரு பணியைச் சிறு வேலைகளாகப் பிரித்து, எது முடிந்த பின் எது என்று வரிசைப்படுத்துவர்.
2. ஒவ்வொரு வேலைக்கும் உரிய பொருளை நாள்வாரியாகப் பிரித்து எழுதுவர்.
3. குவிவுத் தேவை, குவிவு வரவு ஆகியவற்றை ஒப்பிட்டுப் பற்றாக்குறை ஏற்படும் நாளை முன்கூட்டியே சொல்வர்.
4. ஒரு வண்டி எத்தனை நாள் தாமதமானால் வேலை நிற்கும் என்பதைக் கணக்கிடுவர்.

ஆசிரியருக்குச் சிறு பின்னணி

வேலைகளைக் கிடைக்கோட்டுப் பட்டைகளாக வரைந்து காட்டும் முறையை 1910களில் பரவலாக்கியவர் அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி காண்ட். அவர் பெயராலேயே அதைக் காண்ட் வரைபடம் என்கிறோம். எந்த வேலை எதைச் சார்ந்திருக்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிடும் முறைகள் 1950களின் இறுதியில் வந்தன. டூபாண்ட் நிறுவனத்தின் பணிகளுக்காக உருவானது சிபிஎம். அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 1958இல் உருவானது பெர்ட். நம் பாடநூலில் மாணவர்கள் அம்புக்குறிகளும் வட்டங்களும் வரைந்து நீண்ட பாதையைக் கண்டுபிடிப்பது இந்த வழியில் வந்ததுதான்.

மைக்ரோசாப்ட் ப்ராஜெக்ட் 1984இல் டாஸ் இயங்குதளத்துக்காக முதலில் வெளிவந்தது. இன்று பெரிய கட்டுமான நிறுவனங்கள் ப்ரைமவேராவையும் பயன்படுத்துகின்றன. இவை விலை கொடுத்து வாங்க வேண்டியவை. ப்ராஜெக்ட் லிப்ரே கட்டற்ற மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்கும். வகுப்பறைக்கு இதுவே போதும். பள்ளிக் கணினியில் நிறுவ அனுமதி கிடைக்காவிட்டாலும் கவலை வேண்டாம். இப்பாடத்தின் முக்கியமான கணக்கு விரிதாளிலேயே நடந்துவிடும்.

முதல் பாடவேளை: வேலைகளை அடுக்குதல்

பயிற்சிக்காக ஒரு பணியை எடுத்துக்கொள்வோம். ஒரு பள்ளியில் 6 மீட்டருக்கு 6 மீட்டர் அளவில் ஒரு வகுப்பறை கட்ட வேண்டும். ஏப்ரல் 8ஆம் தேதி வேலை தொடங்குகிறது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது பிள்ளைகள் அந்த அறையில் உட்கார வேண்டும். எளிமைக்காக ஞாயிறும் வேலை நாள் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் பட்டியலைத் தராமல் மாணவர்களிடமே கேளுங்கள்: “ஒரு அறை கட்ட என்னென்ன வேலை? எது முடிந்தால் எது தொடங்கும்?” மேஸ்திரி வீட்டுப் பிள்ளை ஒருவர் வகுப்பில் இருந்தால், அன்று பாடம் நடத்துவது அவர்தான். “கூரை போட்ட மறுநாளே பூச்சு வேலை தொடங்கலாமா?” என்று கேட்டால், “சென்ட்ரிங் பிரிக்கணுமே!” என்று பதில் வரும். அந்தப் பதிலை அப்படியே கரும்பலகையில் எழுதுங்கள். முன் வேலை, பின் வேலை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை.

கலந்துரையாடலின் முடிவில் கீழ்க்கண்ட அட்டவணைக்கு வந்து சேரலாம். சிமென்ட் அளவு 50 கிலோ மூட்டைகளில்.

| வேலை | நாள் | சிமென்ட் |
|---|---|---|
| அஸ்திவாரம் தோண்டுதல் | 1–3 | இல்லை |
| அஸ்திவாரக் கான்கிரீட், கட்டு | 4–8 | நாளுக்கு 6, மொத்தம் 30 |
| செங்கல் சுவர், லிண்டல் | 9–20 | நாளுக்கு 3, மொத்தம் 36 |
| சென்ட்ரிங் அடித்தல், கம்பி கட்டுதல் | 21–27 | இல்லை |
| கூரைக் கான்கிரீட் | 28 | ஒரே நாளில் 52 |
| தண்ணீர் கட்டுதல், முட்டு நிற்கும் காலம் | 29–42 | இல்லை |
| பூச்சு வேலை | 43–52 | நாளுக்கு 3, மொத்தம் 30 |
| தரை போடுதல் | 53–55 | நாளுக்கு 6, மொத்தம் 18 |

மொத்தம் 166 மூட்டை, 55 நாள். ஜூன் 1ஆம் தேதி வேலை முடிய வேண்டும்.

கூரைக்கான 52 மூட்டை எப்படி வந்தது என்று மாணவர் கேட்பார்கள், கேட்க வேண்டும். 1:1½:3 கலவையில் ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு ஏறத்தாழ 8 மூட்டை சிமென்ட் ஆகும். கூரைப் பலகமும் நடுவில் வரும் உத்தரமும் சேர்ந்து 6.5 கன மீட்டர் என்று கொண்டால் 6.5 × 8 = 52. ஏனைய அளவுகளைப் பயிற்சிக்காக முழு எண்களாக வைத்திருக்கிறோம். உண்மையான கட்டடத்தில் இவை பொறியாளரின் மதிப்பீட்டிலிருந்து வரும்.

முட்டு நிற்கும் 14 நாளுக்கும் காரணம் உண்டு. 6 மீட்டர் வரை நீளமுள்ள உத்தரத்தின் முட்டுகளைச் சாதாரண சூழலில் 14 நாளுக்கு முன் எடுக்கக் கூடாது என்பது ஐஎஸ் 456 நெறிமுறை. இந்த 14 நாளை ஆள் கூட்டிக் குறைக்க முடியாது. “பத்து பேர் சேர்ந்து தண்ணீர் ஊற்றினால் சீக்கிரம் இறுகுமா?” என்று கேட்டுப் பாருங்கள். சில வேலைகளின் காலம் ஆள் எண்ணிக்கையைப் பொறுத்ததன்று என்பது சிரிப்போடு மனத்தில் பதியும்.

இரண்டாம் பாடவேளை: மொத்தம் சரியாக இருந்தும் ஏன் வேலை நின்றது?

இப்போது வரவைச் சொல்லுங்கள். சிமென்ட் மூன்று வண்டியாக வருகிறது.

முதல் வண்டி: 3ஆம் நாள் மாலை, 60 மூட்டை
இரண்டாம் வண்டி: 18ஆம் நாள் காலை, 40 மூட்டை
மூன்றாம் வண்டி: 40ஆம் நாள் காலை, 66 மூட்டை

“இந்த ஏற்பாடு சரியா?” என்று கேளுங்கள். பெரும்பாலோர் மூன்றையும் கூட்டுவார்கள். 60 + 40 + 66 = 166. “தேவை 166, வரவு 166, சரிதான் சார்” என்பார்கள். உடனே திருத்த வேண்டாம். கட்டத் தாளைக் கொடுத்து, நாள்வாரியாக எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு வாய்பாடு போதும்:

இன்றைய இருப்பு = நேற்றைய இருப்பு + இன்று வந்தது − இன்று செலவானது

8ஆம் நாள் மாலை 30 மூட்டை இருக்கும். சுவர் வேலைக்கு நாளுக்கு மூன்றாகக் குறைந்து 17ஆம் நாள் மாலை 3 மூட்டைதான் மிஞ்சும். 18ஆம் நாள் காலை 40 வருகிறது. அன்று 3 செலவாகி 40 இருக்கும். 20ஆம் நாள் சுவர் முடியும்போது இருப்பு 34. அடுத்த ஏழு நாள் சென்ட்ரிங்கும் கம்பி கட்டுவதும். சிமென்ட் தேவையில்லை, 34 அப்படியே இருக்கும். 28ஆம் நாள் கூரை. தேவை 52. இருப்பு 34. பதினெட்டு மூட்டை குறைகிறது.

அடுத்த வண்டி 40ஆம் நாள்தான்.

இந்த இடத்தில் வகுப்பு அமைதியாகிவிடும். பெட்டிக் கணக்கு முடிந்ததென்று பேனாவை மூடியவர்களும் மறுபடி பார்ப்பார்கள். இருக்கிற 34 மூட்டையை வைத்துப் பாதிக் கூரையாவது போட்டுவிடலாமே என்று ஒருவர் கேட்கலாம். கேட்டால் நல்லது. கூரைக் கான்கிரீட்டை நினைத்த இடத்தில் நிறுத்திப் பல நாள் கழித்துத் தொடர்ந்தால், பழையதும் புதியதும் சேரும் இடம் பலவீனமாகும். மழைக்காலத்தில் அந்தக் கோட்டில்தான் நீர் கசியும். எனவே 52 மூட்டையும் கையில் இருந்தால்தான் கூரை வேலையைத் தொடங்க முடியும்.

கூரை 28ஆம் நாளிலிருந்து 40ஆம் நாளுக்குத் தள்ளிப்போகிறது. அதன்பின் வரும் எல்லாமே 12 நாள் நகர்கின்றன. வேலை ஜூன் 1க்குப் பதிலாக ஜூன் 13 அன்று முடியும். கூரை, நீண்ட பாதையில் இருக்கும் வேலை என்பதால் அதன் ஒவ்வொரு நாள் தாமதமும் முடிவு நாளில் அப்படியே ஏறுகிறது. பாடநூலில் எழுத்துகளாலும் எண்களாலும் வரைந்த பாதைக்கு இங்கே ஓர் உருவம் கிடைத்துவிடுகிறது: 12 நாள் மர நிழலில் உட்காரும் ஒரு வகுப்பு, 12 நாள் வேறு இடம் தேடும் கொத்தனார்.

இதே கணக்கைக் குவிவு வளைவாகவும் வரையலாம். குவிவு நிகழ்வெண் வளைவு வரைந்து பழகிய மாணவருக்கு இது எளிது. கிடை அச்சில் நாள். செங்குத்து அச்சில் மூட்டை. சிவப்புப் பேனாவில் குவிவுத் தேவை, நீலப் பேனாவில் குவிவு வரவு. நீலம் சிவப்புக்கு மேலே இருக்கும் வரை வேலை நடக்கும். 28ஆம் நாளில் குவிவுத் தேவை 118. குவிவு வரவு 100. சிவப்புக் கோடு நீலத்தைத் தாண்டி மேலே போகிறது. இரு கோடுகளும் 55ஆம் நாளில் 166 என்ற ஒரே புள்ளியில் சந்திக்கின்றன என்பதையும் சுட்டிக்காட்டுங்கள். கடைசிப் புள்ளியை மட்டும் பார்த்தவருக்கு நடுவில் நடந்தது தெரியாது.

கடைக்காரர் கணக்கு இங்கே ஏன் போதாது?

இன்னொரு கேள்வியையும் எழுப்பலாம். மளிகைக் கடைக்காரர் எந்த மென்பொருளும் இல்லாமல் சரக்கைச் சமாளிக்கிறாரே? சரக்கு இந்த அளவுக்குக் குறைந்தால் ஆர்டர் போட வேண்டும் என்று அவருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. சுவர் வேலை நடக்கும் நாள்களில் அந்தக் கணக்கு நமக்கும் பொருந்தும். போன் செய்த நான்காம் நாள் காலை வண்டி வரும் என்றால், நான்கு நாள் செலவு 12 மூட்டை. கையிருப்பாக ஒரு நாளுக்கு 3. ஆக, காலை இருப்பு 15 ஆனவுடன் போன் செய்ய வேண்டும். நம் அட்டவணையில் அது 14ஆம் நாள் காலை. 18ஆம் நாள் காலை வண்டி வந்துவிடும்.

ஆனால் 27ஆம் நாள் அந்தக் கணக்கு நம்மைக் கைவிடுகிறது. அன்று இருப்பு 34. நாளுக்கு 3 என்று பழகிய கண்ணுக்கு இது பதினொரு நாளுக்கு மேல் வரும். 15க்குக் கீழே போகவில்லை. ஆகவே யாரும் போன் எடுக்க மாட்டார்கள். மறுநாள் காலை 18 மூட்டை பற்றாக்குறை. கடையில் தேவை ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும். கட்டுமானத்தில் ஏழு நாள் சும்மா இருந்துவிட்டு எட்டாம் நாள் 52 கேட்கும். அடுத்து என்ன வேலை வருகிறது என்று தெரிந்தால்தான் இன்றைய இருப்பு போதுமா என்று சொல்ல முடியும்.

நம் பள்ளியின் இருப்புப் பதிவேட்டை இங்கே ஒப்பிட்டுக் காட்டலாம். வந்தது, செலவானது, மீதம் என்று நடந்து முடிந்ததை அது துல்லியமாகச் சொல்லும். அடுத்த வாரத் தேவையைச் சொல்வது அதன் வேலையன்று. பதிவேட்டின் மீதியையும் அட்டவணையின் தேவையையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதே இப்பாடத்தின் மையம்.

மூன்றாம் பாடவேளை: மென்பொருளில் ஏற்றுதல்

ப்ராஜெக்ட் லிப்ரேயின் பட்டியல்கள் ஆங்கிலத்தில் இருக்கும். தேவையான ஐந்தாறு சொற்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டால் மாணவர் தடுமாற மாட்டார்கள். படிகள் இவை:

1. புதிய திட்டம் திறந்து தொடக்க நாளைக் கொடுக்கவும். நாள்காட்டி அமைப்பைக் கட்டாயம் பார்க்கவும். வழக்கமாகச் சனி, ஞாயிறு விடுமுறை என்று இருக்கும். மாற்றாவிட்டால் 55 நாள் வேலை மூன்று வாரத்துக்கு மேல் தள்ளிப்போகும்.
2. எட்டு வேலைகளையும் கால அளவோடு எழுதவும். ஒவ்வொன்றுக்கும் முன் வேலையின் எண்ணைக் கொடுத்தால் பட்டைகள் தாமாக அடுக்கப்படும்.
3. வளங்கள் பக்கத்தில் சிமென்ட் என்று சேர்க்கவும். வகை என்ற இடத்தில் ஆள் உழைப்பு, பொருள் என இரண்டு இருக்கும். பொருள் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். அலகு என்ற இடத்தில் மூட்டை என்று எழுதவும்.
4. அந்தந்த வேலைக்கு உரிய மூட்டைகளை ஒதுக்கவும்.
5. வளப் பயன்பாட்டுக் காட்சியைத் திறந்தால் எந்த நாளில் எத்தனை மூட்டை என்று நாள்வாரியாகத் தெரியும்.

நான்காம் படியில் சற்று நிற்க வேண்டும். பொருளை இரு விதமாக ஒதுக்கலாம். ஒன்று, வேலைக்கு மொத்தம் இவ்வளவு என்பது. மற்றொன்று, நாளுக்கு இவ்வளவு என்பது. சுவர் வேலைக்கு மொத்தம் 36 மூட்டை என்று ஒதுக்கிவிட்டு, மழையால் வேலை 12 நாளிலிருந்து 18 நாளாக நீண்டால், நாளுக்கு 2 மூட்டையாகப் பரவும், மொத்தம் 36தான். நாளுக்கு 3 என்று ஒதுக்கியிருந்தால் 54 ஆகிவிடும். சுவரின் அளவு மாறவில்லையே, சிமென்ட் எப்படிக் கூடும்? எனவே சிமென்ட், செங்கல், கம்பி ஆகியவற்றுக்கு மொத்த அளவே சரி. வாடகைக்கு எடுத்த முட்டு, சென்ட்ரிங் பலகை, நாள் முழுதும் ஓடும் மோட்டாரின் டீசல் ஆகியவை நாள் கூடினால் கூடும். அவற்றுக்கு நாள் விகிதம் பொருந்தும். “உங்கள் வீட்டில் எது மொத்தக் கணக்கு, எது நாள் கணக்கு?” என்று கேட்டால் சிலிண்டரும் பால் பாக்கெட்டும் உதாரணமாக வரும்.

அடுத்து வருவதுதான் மாணவர் மறக்கக் கூடாத செய்தி. இந்த மென்பொருளுக்குத் தேவை மட்டுமே தெரியும், கையிருப்பு தெரியாது. ஒரே கொத்தனாரை ஒரே நாளில் இரண்டு இடத்தில் போட்டால் அது எச்சரிக்கும். ஆனால் 34 மூட்டை இருக்கும் நாளில் 52 ஒதுக்கினால் எந்த எச்சரிக்கையும் வராது. பொருளுக்கு இவ்வளவுதான் உண்டு என்ற உச்ச அளவை அது வைத்துக்கொள்வதில்லை. திரையில் பட்டைகள் அழகாக நிற்பதைப் பார்த்து எல்லாம் சரி என்று எண்ணிவிடக் கூடாது.

ஆகவே வரவை நாமே அட்டவணைக்குள் கொண்டுவர வேண்டும். அதற்கு வழி எளியது. ‘சிமென்டுக்குப் போன் செய்தல்’ ஒரு வேலை. ‘வண்டிக்காகக் காத்திருத்தல்’ நான்கு நாள் வேலை. ‘இரண்டாம் வண்டி வந்தது’ என்பது கால அளவு பூச்சியமான ஒரு மைல்கல். இம்மூன்றையும் வரிசையாக இணைத்து, மைல்கல்லைக் கூரைக் கான்கிரீட்டுக்கு முன் வேலையாகக் கொடுக்க வேண்டும். இப்போது வண்டி தாமதமாகும் என்று தெரிந்து மைல்கல்லின் நாளைக் கூரை நாளுக்கு அப்பால் மாற்றினால், கூரையும் அதற்குப் பின் உள்ள அனைத்தும் தாமாக நகர்ந்து புதிய முடிவு நாளைக் காட்டும்.

இப்படிச் செய்தாலும் மூட்டையை எண்ணும் வேலை நமக்குத்தான். மென்பொருள் தரும் நாள்வாரித் தேவையை விரிதாளில் ஒரு நிரலாக எழுதி, பக்கத்து நிரலில் வரவைப் போட்டு, மூன்றாம் நிரலில் இருப்பு வாய்பாட்டைக் கொடுத்தால் 55 வரிசையும் நொடியில் நிரம்பும். இருப்பு பூச்சியத்துக்குக் கீழே போனால் சிவப்பாகத் தெரியும்படி அமைத்துவிட்டால் பற்றாக்குறை நாள் தானே கண்ணில் படும்.

நான்காம் பாடவேளை: எந்த வண்டியை உற்று நோக்க வேண்டும்?

பிரச்சினையை மாணவரே தீர்க்கட்டும். மொத்தம் 166தான் வாங்கலாம், வண்டி மூன்றுதான், வரும் நாளும் மாறாது. அளவை மட்டும் மாற்றலாம் என்று நிபந்தனை கொடுங்கள். ஒரு குழு இரண்டாம் வண்டியில் 58 கேட்கும். கூரை நாள் மாலை இருப்பு மிகச் சரியாகப் பூச்சியம். “ஒரு மூட்டை கிழிந்துவிட்டால்?” என்று கேளுங்கள். இன்னொரு குழு 64 என்று சொல்லும். அப்போது கூரை முடிந்த பின் 6 மூட்டை மிஞ்சும். மூன்றாம் வண்டிக்கு 42 போதும். “எல்லாவற்றையும் முதல் நாளே இறக்கிவிட்டால் என்ன?” என்று கேட்கும் குழுவும் இருக்கும். 166 மூட்டையை ஈரம் படாமல் வைக்க அறை வேண்டும். பூச்சு வேலைக்கான சிமென்ட் ஆறு வாரம் காத்துக் கிடக்கும். பணமும் முன்கூட்டியே முடங்கும். மூட்டையில் கட்டிய சிமென்ட் நாளாக ஆக வலு குறையும்; மூன்று மாதத்தைத் தாண்டினால் சோதித்த பின்னரே பயன்படுத்த வேண்டும்.

இரண்டாம் வண்டி 64, மூன்றாம் வண்டி 42 என்ற ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டு கடைசிக் கேள்விக்கு வரலாம். எந்த வண்டி எத்தனை நாள் தாமதமாகலாம்?

இரண்டாம் வண்டி 18ஆம் நாள் வர வேண்டும். 17ஆம் நாள் மாலை 3 மூட்டை இருக்கிறது. அது 18ஆம் நாள் வேலைக்குச் சரியாகும். 19ஆம் நாள் காலை வண்டி வந்தாக வேண்டும். அதாவது ஒரு நாள் தாமதம் தாங்கும். இரண்டு நாள் என்றால் ஒரு நாள் வேலை நிற்கும்.

மூன்றாம் வண்டி 40ஆம் நாள் வர வேண்டும். பூச்சு வேலை 43ஆம் நாள்தான் தொடங்குகிறது. மிஞ்சிய 6 மூட்டை 43, 44 ஆகிய இரு நாளுக்கு வரும். 45ஆம் நாள் காலை வந்தாலும் போதும். ஐந்து நாள் தாமதம் தாங்கும்.

இரண்டு வண்டியும் சிமென்ட் வண்டிதான். ஆனால் ஒன்றுக்கு ஒரு நாள், மற்றொன்றுக்கு ஐந்து நாள் இடைவெளி. தலைமையாசிரியரும் மேலாண்மைக் குழுவும் எந்த வண்டிக்காக இரண்டு முறை போன் செய்ய வேண்டும் என்பது இப்போது தெரிந்துவிட்டது. தளர்வு நேரம் என்று பாடநூல் சொல்வதன் பயன் இதுவே.

விரிவாக்கச் செயல்பாடுகள்

செங்கல்: அதே சுவருக்கு 9,000 செங்கல், 12 நாள். லாரிக்கு 3,000 என்றால் ஒவ்வொரு லாரியும் எந்த நாள் காலைக்குள் வர வேண்டும்? நாளுக்கு 750, ஒரு லாரி நான்கு நாள் வரும். எனவே 9, 13, 17ஆம் நாள். செங்கல், சிமென்ட் இரண்டில் ஒன்று வராவிட்டாலும் சுவர் நிற்கும் என்பதையும் பேசுங்கள்.

சத்துணவு: தொடக்க வகுப்பு மாணவருக்கு நாளொன்றுக்கு 100 கிராம் அரிசி. 120 மாணவர் உள்ள பள்ளிக்கு நாளுக்கு 12 கிலோ. 50 கிலோ மூட்டை எத்தனை நாள் வரும், ஐந்தாம் நாள் எத்தனை கிலோ குறையும்? வருகை குறையும் நாள்களையும் விடுமுறையையும் சேர்த்து ஒரு மாதக் கணக்கு போடச் சொல்லலாம்.

வீட்டுப்பாடம்: கட்டட வேலையில் உள்ள ஒருவரிடம் மூன்று கேள்வி கேட்டு வரவும். எந்தப் பொருள் அடிக்கடி தாமதமாகிறது? தாமதம் என்று எத்தனை நாள் முன்பு தெரிகிறது? அன்று கூலி என்ன ஆகிறது? பல மேஸ்திரிகள் இந்த அட்டவணை முழுவதையும் மனத்திலேயே வைத்திருக்கிறார்கள். அந்த அறிவைப் பிள்ளைகள் எழுத்தில் கொண்டுவரும்போது பெற்றோரின் தொழில் மீது மதிப்பும் கூடும்.

மதிப்பீடு

1. கம்பி கட்டும் வேலை மூன்று நாள் தாமதமானால் கூரை நாள் எது? முடிவு நாள் எது? (விடை: 31ஆம் நாள்; 58ஆம் நாள், அதாவது ஜூன் 4)
2. மேற்கண்ட தாமதத்தால், இரண்டாம் வண்டி 64, மூன்றாம் வண்டி 42 என்ற ஏற்பாட்டில் மூன்றாம் வண்டிக்குக் கிடைக்கும் இடைவெளி எவ்வளவு? (விடை: பூச்சு வேலை 46ஆம் நாளுக்கு நகர்வதால் 48ஆம் நாள் காலை வரை, எட்டு நாள்)
3. மொத்தத் தேவையும் மொத்த வரவும் சமமாக இருந்தும் வேலை நிற்கக்கூடிய வேறொரு சூழலை உங்கள் ஊரிலிருந்து எழுதுக.

மூன்றாம் கேள்விக்கு ஒரே விடை கிடையாது. பாசனத் தண்ணீர், பேருந்து, உரம், மருந்து என எதை எழுதினாலும், தேவைப்படும் நாளும் கிடைக்கும் நாளும் வெவ்வேறு என்பதை எண்ணால் காட்டியிருந்தால் முழு மதிப்பெண் கொடுக்கலாம். கூட்டல் தெரிந்த மாணவர் மொத்தத்தைச் சரிபார்ப்பார். இந்தப் பாடத்தைப் படித்தவர் “எந்த நாள்?” என்றும் சேர்த்துக் கேட்பார். அந்தக் கேள்வி அவரிடம் வந்துவிட்டால் பாடம் முடிந்தது என்று கொள்ளலாம்.